வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள்

ஐப்பசி இடிக்கு மறுநாள் விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில், கீழ்புத்துப்பட்டு பக்கம் எந்த டிவி மெக்கானிக்கைக் கேட்டாலும் செட்டாப் பாக்ஸ் கதைதான் சொல்வார். கொண்டு வருகிறவர்கள் கேட்பதும் ஒன்றே: "எங்க வீட்டு மேல இடி விழவே இல்லையே, எப்படிப் போச்சு?"

போனது மின்காந்தத் துடிப்பால், அதாவது தள்ளியிருந்தே கம்பியில் வோல்ட் ஏற்றிவிடும் துடிப்பால். அணுகுண்டு வெடித்தால் செல்போன் எல்லாம் கருகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்குப் பின்னால் இருப்பதும் இதுவே. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடிக்கச் செய்தது. ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளி, ஹவாயில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. 1989 மார்ச் 13இல் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை 9 மணி நேரம் இருட்டாக்கியது. இரண்டிலும் அடிபட்டவை நீண்ட கம்பியில் தொங்கியவை. சட்டைப் பையில் கிடக்கும் போனைவிட சார்ஜரில் செருகிய போனுக்கே ஆபத்து அதிகம்.

நம் ஊருக்கு வரும் துடிப்பு மின்னல். ஒரு மின்னலில் சராசரியாக 30,000 ஆம்பியர் பாய்கிறது. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் கம்பத்துக் கம்பியிலும் கேபிள் ஒயரிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. சுவிட்சை அணைத்தாலும் போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை அது தாண்டும். பிளக்கையும் கேபிள் ஒயரையும் முன்கூட்டியே கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு ஒயர் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது எர்த். நம் பக்கத்து ஈர உப்பு மண் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும், எர்த் போட அருமையான மண். ஆனால் அதே உப்புதான் இணைப்பைத் தின்கிறது. எர்த் குழாயில் கம்பி சேருமிடத்தைக் குனிந்து பாருங்கள், தொட வேண்டாம். கிளாம்ப் செதில் செதிலாக உரிந்திருக்கும். நட்டு துருவில் ஊறி உருத்தெரியாமல் போயிருக்கும். சில வீடுகளில் கம்பி குழாய்மேல் சும்மா சாய்ந்து நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் எவ்வளவு விலை கொடுத்து சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டினாலும் துடிப்பு இறங்க வழியில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

கெட்டுப்போன பொருளுக்கு நஷ்டஈடு உண்டா? மின்னலுக்கு மின்வாரியத்திடம் கேட்பது கடினம். ஆனால் நியூட்ரல் அறுந்து, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறித் தெருவே கருகினால் அது சேவைக் குறைபாடு, தயங்காமல் கேளுங்கள். உடனே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கருகிய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. போட்டோவும் மெக்கானிக் எழுதித் தந்த மதிப்பீடும் சேர்த்து வையுங்கள். மின்வாரிய அலுவலகம் அசையாவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வீட்டுக் காப்பீட்டில் 'மின்னல்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஷார்ட் ஆன கருவிக்கு மட்டும் பணம் இல்லை என்ற விலக்கு உள்ளே இருக்கலாம், படித்துக் கேளுங்கள்.

டிவி போனால் வாங்கலாம், உயிரை வாங்க முடியாது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி நடுவே பலகை பிடித்து நிற்கும் ஆள்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரம். கீற்றுக் கொட்டகை அவரைக் காப்பாற்றாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலி அருகில் மின்னல் இருப்பதைச் சொல்லும். இடிச் சத்தம் கேட்டதும் கரையேறி கான்கிரீட் கட்டடத்துக்கோ மூடிய வேனுக்கோ போகவும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் அங்கேயே இருக்கவும் உப்பள முதலாளிகள் விட வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காமல்.