டான்சில் ஆபரேஷன்: வீடு திரும்பிய பிறகும் கவனம் வேண்டும்

டான்சில் அகற்றிய குழந்தையை அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இனிப் பயமில்லை என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் கசிவதும் உண்டு. ஆனால் அப்போது பெரும்பாலும் மருத்துவர்கள் அருகில் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரும் கசிவுதான் கவலைக்குரியது.

டான்சிலை எடுத்த இடத்தில் வழக்கமாகத் தையல் போட்டு மூடுவதில்லை. புண் திறந்தபடியே ஆறுகிறது. அதன்மேல் வெண்மையான ஏடு படியும். இதைச் சீழ் என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அது சீழல்ல, ஆறும் புண்ணின் இயல்பு, துடைத்தெடுக்கக் கூடாது. ஒரு வாரம் போல அந்த ஏடு உதிரும்போது அடியிலுள்ள ரத்தக்குழாய் திறந்துகொள்ளலாம்.

இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04இல் சுமார் 34,000 நோயாளிகளைக் கண்காணித்தார்கள். நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் குறைவு. வெப்பத்தால் திசுவை வெட்டும் முறைகளில் கசிவு அதிகம் என்பதும் தெரிந்தது. எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பெரிய சிக்கல், ரத்தம் வெளியே தெரியாமல் போவதுதான். தூங்கும் பிள்ளை அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். அடிக்கடி எச்சில் விழுங்குவது, முகம் வெளிறுவது, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுப்பது ஆகியவை அடையாளங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குச் சற்றுத்தான் அதிகம். அதில் ஒரு டம்ளர் போனாலே ஆபத்து.

ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். மற்ற வலி மாத்திரைகள் மருத்துவர் சொன்னபடி மட்டுமே. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். முறுக்கு, சிப்ஸ் இரண்டு வாரம் காத்திருக்கட்டும். கோடை விடுமுறையில் ஆபரேஷனை முடித்துவிட்டு, உடனே தாத்தா பாட்டி ஊருக்குக் கிளம்புவது சரியல்ல என்பேன். இரவில் ரத்தம் வந்தால் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் கிடைப்பாரா?

ரத்தம் கண்டால் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்பக்கம் சாய்த்துத் துப்பச் சொல்லுங்கள். மறுபடி மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் சாப்பிட எதுவும் தராதீர்கள். ரத்தம் நிற்காமல் வந்தால் 108ஐ அழையுங்கள். சிறிது வந்து தானாக நின்றுவிட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய கசிவுக்கு முன் இப்படிச் சிறிதாக வருவது உண்டு.