ஒட்டடை கீழே விழ எவ்வளவு நேரம்?

மார்கழி இருபது தாண்டிவிட்டால் சிவகிரியில் வீட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்துவிடும். பாய், தலையணை, அண்டா, பீரோவின் மேல் கிடந்த தகரப்பெட்டி, மச்சிலிருந்து இறக்கிய பித்தளைப் பானை என்று எல்லாம் வாசலில் வெயில் காயும். உள்ளே யாராவது ஒருவர் தலைக்கு முண்டாசு கட்டி ஒட்டடைக்கம்போடு அண்ணாந்து நிற்பார். தைப் பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைப்பது சங்கரன்கோவில், புளியங்குடி, வாசுதேவநல்லூர் வட்டாரம் முழுக்க உள்ள வழக்கம். பொங்கலுக்காகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். பொங்கலே இல்லாவிட்டாலும் இந்த வேலைக்கு இதைவிடத் தோதான வாரம் நம் ஊருக்குக் கிடையாது.

ஐரோப்பாவில் இதே வேலை மார்ச், ஏப்ரலில் நடக்கும். குளிர்காலம் முழுவதும் சன்னலை அடைத்து நிலக்கரியும் விறகும் எரித்த வீட்டில், சுவரெல்லாம் கரி படிந்திருக்கும். வெயில் வந்ததும் கழுவித் தள்ளினார்கள். ஈரானில் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் கம்பளங்கள் வெளியே வரும். ஜப்பானில் டிசம்பர் கடைசி. ஐரோப்பியர்கள் குளிரைக் கணக்கு வைத்தார்கள், நாம் மழையைக் கணக்கு வைத்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுவர் ஓதம் காக்கும், துணி முழுதாகக் காயாது, அலமாரியைத் திறந்தால் பூசண வாடை வரும். மழை விலகியதும் வானம் வெளுத்து, காற்றும் காய்ந்துவிடும். ஜனவரி நடுவில் சிவகிரியில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 59 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் லண்டனில் 17 டிகிரிதான். மெத்தை காயப்போட நமக்குத் தையே போதும்.

அந்த மெத்தையிலிருந்து தொடங்குவதே முறை. அதில் வாழும் தூசு உண்ணி கால் மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும், கண்ணுக்குப் படாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொருக்குதான் அதற்குச் சாப்பாடு. வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணி இந்தப் பூச்சிதான் என்று நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் 1964-ல் அறிவித்தார்கள். இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பில் இழுத்துக்கொள்கிறது. அதனால் மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் சில நாட்களில் காய்ந்து சாகும். ஆக, இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு மதியம் புரட்டிப் போடும் பழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் பூச்சியின் எச்சம். பூச்சி செத்தாலும் எச்சம் மெத்தையிலேயே கிடக்கும். எனவே காய்ந்த பிறகு கம்பால் நன்றாகத் தட்ட வேண்டும், காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு. உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் எச்சமும் ஒரே வேலையில் தீரும்.

மெத்தை வெளியேறிய பிறகுதான் ஒட்டடை. இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காற்றில் மிதக்கும் துகள் எவ்வளவு வேகத்தில் கீழே இறங்கும் என்பதற்கு ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சூத்திரம் தந்துவிட்டார். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகும். மூன்று மீட்டர் உயரக் கூரையிலிருந்து, காற்று அசையாத அறையில், 50 மைக்ரான் துகள், அதாவது கிட்டத்தட்ட தலைமுடிப் பருமன் உள்ளது, முக்கால் நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 1 மைக்ரான் துகள் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மிதந்துகொண்டிருக்கும். மண் தூசு கொஞ்சம் கனம், சீக்கிரம் இறங்கும். அடுப்புக் கரி அந்தரத்திலேயே நிற்கும்.

ஒட்டடை அடித்த கையோடு வாரியலை எடுப்பவர்கள், இறங்கிக்கொண்டிருக்கும் தூசைத் திரும்ப மேலே அனுப்புகிறார்கள். மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கூட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒட்டடை அடித்து, பரண், விசிறி இறக்கை, சன்னல் கம்பி என்று மேலிருந்து கீழே வந்து, கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் வெளி வேலையைப் பார்க்க வேண்டும். பாத்திரம் துலக்கச் சரியான நேரம் அதுதான். திரும்பி வந்து தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, பிறகு ஈரத்துணியால் துடைக்கலாம். தண்ணீர் தெளித்துக் கூட்டும் பழைய பழக்கம் இங்கே முழு மதிப்பெண் வாங்குகிறது. ஈரம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது, சேர்ந்த துகள் மேலே எழும்பாது. சாணம் மெழுகுவதும் மண் தரையில் இதே வேலையைச் செய்தது, நார் மண்ணைக் கட்டிப் பிடித்தது. கிருமிநாசினி என்று அதற்குக் கொடுக்கும் பட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாணத்தில் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

கிருமிநாசினிப் பட்டத்துக்கு உண்மையில் தகுதியானது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் 900 டிகிரி சுமாருக்குச் சுட்டால், 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. நெல்லைச் சீமையில் இந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை. தாழையூத்தில் 1949-ல் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை எழும்பியதே அதை நம்பித்தான். சுட்ட கல்லைத் தண்ணீரில் நீற்றும்போது பார்க்க வேண்டும். முதலில் சீறும், பிறகு கல் வெடித்து மலரும், தொட்டி தானாகவே கொதித்து ஆவி கிளம்பும். அடியில் ஒரு சுள்ளிகூட எரியவில்லை. சுட்டபோது கல் வாங்கி வைத்துக்கொண்ட வெப்பத்தில் ஒரு பங்குதான் இப்போது வெளியே வருகிறது. வெள்ளையடிக்க வருகிறவர் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்வார்: “கல்லத் தண்ணில போடணும் மதினி, கல்லு மேல தண்ணிய ஊத்தக்கூடாது. தெறிச்சா கண்ணு போயிரும்.” கொஞ்சம் தண்ணீர் நிறைய கல்லின் மேல் விழுந்தால் அது நொடியில் ஆவியாகிச் சுண்ணாம்போடு பீய்ச்சும். அதைத்தான் சொல்கிறார்.

கண் போகும் என்பதும் மிரட்டல் கிடையாது. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை அளவு 12-க்கும் மேலே. அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பு வெந்து தடித்து, பெரும்பாலும் அமிலத்தையே தடுத்துவிடும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். தெறித்தால் முதலில் தண்ணீர்தான். இமையைத் திறந்து பிடித்து, துணுக்குகள் வெளியேறும்படி கால் மணி முதல் அரை மணி நேரம்வரை ஊற்றிக்கொண்டே இருந்து, அதன் பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதே காரம்தான் சுவரிலிருக்கும் பூசணத்தையும் கிருமியையும் கொல்கிறது. அடித்த புதிதில் சுவர் சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகத் தெரியும், காசு வீணானதோ என்று தோன்றும். துளைகளில் தண்ணீர் நிற்கும்வரை ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவிப் போகிறது. தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் காற்று புகுந்ததும் ஒளி நாலாபக்கமும் சிதறி, சுவர் பளிச்சென்று வெளுக்கிறது. லேசான மஞ்சள் சாயலை மறைக்கத்தான் கொஞ்சம் நீலம் கலப்பது. அதன் பிறகு வாரக்கணக்கில் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காளவாசலில் பறிகொடுத்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. சுவரில் காகிதத் தடிமனில் ஒரு சுண்ணாம்புக்கல் பாறை. அப்படி மாற மாறக் காரமும் குறைந்துவிடும், அதனால்தான் வருஷம் ஒருமுறை புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. எமல்ஷன் பூசிய சுவரில் இந்த வித்தை எடுபடாது. பிடிப்பில்லாமல் பொருக்காக உதிர்ந்துவிடும். அங்கே ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பூசணத்தின் மேல் பெயின்ட் அடிப்பவர்கள் அடுத்த மார்கழியில் அதை மறுபடி சந்திப்பார்கள்.

பித்தளைக்குப் புளி, கரி பிடித்த சட்டிக்குச் சாம்பல். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைக்கும், சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக்கும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருப்பதால் அதன் தோலாலும் விளக்குத் துலக்குகிறார்கள், வேலை அதேதான்.

கடையில் வாங்கும் துப்புரவு ரசாயனங்களுக்கு வருவோம். குளியலறைக் கறைக்கு ஆசிட் ஊற்றி, போகவில்லையே என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம், குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகே தேங்கும். இரண்டில் ஒன்று போதும், அதையும் சன்னலைத் திறந்துவைத்துத்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினாலும் இவை முழுக்கச் சாதுவானவை என்று சொல்ல முடியாது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையாகவோ துப்புரவு செய்த பெண்களுக்கு, செய்யாதவர்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. துடைத்த ஆண்களே குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சிரிக்கலாம், ஆனால் நம் தெருவில் எடுத்தாலும் கணக்கு அப்படித்தான் வரும். எலுமிச்சை வாசனை வந்தால் வீடு சுத்தம் என்று விளம்பரங்கள் நம் மூக்கைப் பழக்கி வைத்திருக்கின்றன. சுத்தமான வீட்டுக்கு வாசனையே கிடையாது.

எல்லோரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் நின்ற டிரம், தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதைவிட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டி வைப்பதே அதிகம். கறுப்பாக, மிளகுத்தூள் அளவுக்கு. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தேளுக்கும் ஒரு வார்த்தை. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில், வீட்டில் பாம்பு, தேள், பல்லித் தொல்லை உள்ளவர்கள் அவற்றின் உருவத் தகடு வாங்கி உண்டியலில் போடுவது நெடுநாள் வழக்கம். போட்டுவிட்டு வந்து விறகடுக்கைக் கலைப்பது இன்னும் விசேஷம். தேள் வருவது கரப்பானைத் தேடி, கரப்பான் வருவது அடைசலைத் தேடி. புற ஊதா டார்ச் ஒன்று கிடைத்தால் இருட்டிய பிறகு அடித்துப் பாருங்கள், தேளின் ஓடு பச்சை நீலமாக ஒளிரும். எங்கே ஒளிகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

மிஞ்சுவது கழிவு. தென்பாண்டிப் பக்கம் போகித் தீ வடக்கே உள்ள அளவுக்குப் பெரிதில்லை. 2018 ஜனவரி 13 காலையில் சென்னை விமான நிலையத்தில் போகிப் புகையால் விமானங்களைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஆனாலும் பழைய பாயோடு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் செருப்பும் புறவாசலில் எரிவதை இங்கேயும் பார்க்கலாம். குளோரின் உள்ள பிவிசி வகையறாக்கள் குப்பைத்தீயின் குறைந்த சூட்டில் எரியும்போதுதான் டையாக்சின் அதிகம் உண்டாகிறது. பீரோ மேல் கிடக்கும் பழைய டியூப்லைட்டையும் சிஎஃப்எல் பல்பையும் உடைக்க வேண்டாம், ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கை தவறி உடைந்தால் பிள்ளைகளை வெளியேற்றி, சன்னலைத் திறந்து பத்து நிமிடம் விட்டு, அட்டையால் வழித்து, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். வாரியல் படக்கூடாது. டப்பாவை வழக்கமான குப்பையோடு போடாமல், வண்டிக்காரரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.