பள்ளி வாசல் தெருவை யார் சோதிப்பது?

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடியும் சமயத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திவைப்பார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலர், போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை எல்லோரும் சேர்ந்து வந்து பார்ப்பார்கள். அவசரக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகிவிட்டதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா, தரைப் பலகை உறுதியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். 2012-இல் சென்னைப் புறநகரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன.

இந்தச் சோதனையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால், நகராட்சியில் சாலைப் பணிகளைப் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. பேருந்தைவிட்டு இறங்கியதும் அந்தக் குழந்தை நடக்கிற தெருவை எந்த அதிகாரி சோதிக்கிறார்? பேருந்திலேயே ஏறாமல் வீட்டிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் தெருதானே முழுப் பயணமும்? கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. சின்னப் பிள்ளைகள் நடந்து வருவார்கள் என்பதுதான் அரசின் கணக்கு. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எட்டு மணிக்கெல்லாம் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார்கள். அந்த 1 கிலோமீட்டர் எப்படி இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் 9,528 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 உயிர்கள் போயின. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடமும் நமக்குத்தான்.

எங்கள் தெருவையே சொல்கிறேன். முப்பதடி அகலம், இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி. ஒரு முனை பிரதான சாலையில் சேர்கிறது, மறுமுனை புறவழிச்சாலைக்குக் குறுக்கு வழி. சிக்னலில் நிற்க மனமில்லாதவர்களுக்குச் செல்போன் வரைபடம் இந்தத் தெருவைக் காட்டிக்கொடுக்கிறது. நடைபாதை என்று எதுவும் தனியாக இல்லை. மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை.

சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளி மணி அடித்ததும் அந்த மூடிமேல் நடந்து பாருங்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்காகக் கட்டிய சாய்தளம் குறுக்கே வரும். அதைச் சுற்றி வந்தால் மின்வாரியப் பெட்டி. அடுத்து ஒரு மூடி உடைந்து, யாரும் விழாமல் இருக்க அதற்குள் ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருப்பார்கள். அதன் பிறகு வடிகால்மேல் பாதி, தெருவில் பாதியாக ஒரு கார். ஆக, பிள்ளைகள் தெருவில்தான் நடக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் தினமும் தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். எதிர்ப்பக்கம் போக வேண்டும். நின்றுகொண்டிருக்கிற இரண்டு கார்களுக்கு நடுவே நிற்பாள். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் கிட்டத்தட்ட நாலடி. இன்றைய பெரிய கார்களின் முன்மூடியே அந்த உயரத்தை நெருங்கிவிடுகிறது. அவளுக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்கு அவள் தெரியமாட்டாள். தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறாள். அவள் தலை தெரிகிற அந்த நொடிதான் ஓட்டுபவருக்குக் கிடைக்கிற முதல் எச்சரிக்கை.

அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த தார்ச்சாலையில் இன்னும் 5 மீட்டர். ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். அதே கார் 50-இல் வந்தால் முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுகிறது. 30-இல் வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், 50-இல் வந்த கார் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. அந்த இடத்தில் குழந்தை இருந்தால் முழு 50 வேகத்திலும் மோதும். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளும் கலந்து போகிற இடங்களில் 30-க்குமேல் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னதன் நியாயத்தை இந்த எளிய கணக்கே காட்டிவிடுகிறது.

"பிள்ளைகளுக்கு ரோடு கடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பித் தெருவை விட்டுவிட முடியாது. சுவீடனில் ஸ்டினா சாண்டல்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் 1960-களிலேயே இதை ஆராய்ந்தார். வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வது, பந்து உருண்டோடும்போதும் விதியை மறக்காமல் இருப்பது, இவையெல்லாம் சிறு பிள்ளைகளின் வளர்ச்சிக்கு எட்டாதவை. பயிற்சியால் மட்டும் அவர்களைப் போக்குவரத்துக்கு ஏற்றவர்களாக்கிவிட முடியாது என்பது அவர் கண்ட முடிவு. என் பேத்தி விதிகளை அழகாக ஒப்பிப்பாள். எதிர்ப்பக்கத்தில் நாய்க்குட்டியைக் கண்டால் ஓடிவிடுவாள். ஏழு வயது அப்படித்தான் இருக்கும். மாற வேண்டியது தெருதான்.

எப்படி மாற்றுவது? பலகை நட்டால் போதும் என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்த வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. தெருவின் அமைப்பே காலை பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதலில் முனை. நம் தெருமுனைகளைப் பெரிய வட்டமாக வளைத்துக் கட்டிவைத்திருக்கிறோம். பைக்கில் வருகிறவர் சாய்ந்தபடியே, வேகம் குறையாமல் தெருவுக்குள் நுழைந்துவிடலாம். அதே முனையைக் கூர்மையாக்கி, வளைவின் ஆரத்தை 4 மீட்டர் அளவுக்குக் குறைத்தால் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துதான் திரும்ப முடியும். குழந்தை கடக்க வேண்டிய தூரமும் குறையும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவு ஆகாது. நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன், சுண்ணாம்புக் கோடு போட்டுச் சில கூம்புகளை வைத்துப் பார்க்கலாம். போக்குவரத்துப் போலீஸின் அனுமதியோடு எங்கள் முனையில் அப்படி வைத்துப் பார்த்தோம். தண்ணீர் லாரி திரும்புமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. கொஞ்சம் எதிர்ப்பக்கம் ஒதுங்கி எடுத்துத் திரும்பியது. பைக்குகள் மெதுவாகத்தான் உள்ளே வந்தன.

அடுத்தது வேகத்தடை. இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவே கொடுத்திருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மேலே வில்போல் வளைவு. இந்த அளவில் கட்டினால் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கும். அதற்குமேல் வந்தால் குலுக்கும். நாம் என்ன செய்கிறோம்? ஓர் அடி அகலத்துக்குத் தாரைக் குவித்துவைத்துவிட்டுப் போகிறோம். முதுகுவலிக்காரரும் கர்ப்பிணிகளும் அவதிப்படுகிறார்கள், ஆட்டோவின் அச்சு வளைகிறது, பைக்கில் வருகிறவர் ஓரத்து இடைவெளியில் பிள்ளைகள் நடக்கிற பக்கமாக ஒதுங்கி ஓட்டுகிறார். வெள்ளைக் கோடு அழிந்தால் இரவில் அதுவே விபத்துக்குக் காரணமாகிறது. பத்து பேர் சேர்ந்து புகார் கொடுத்ததும் ராவோடு ராவாகப் பெயர்த்துப் போடுவார்கள். அளவோடு கட்டிய வேகத்தடைக்கு யாரும் புகார் கொடுக்கமாட்டார்கள்.

பள்ளி வாசலுக்கு நேரே இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கடக்கிற இடத்தில் சாலையையே நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தி, தட்டையான மேடையாக்கிவிடுவது. பிள்ளைகள் இறங்கி ஏறாமல் சமதளத்தில் கடப்பார்கள், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கும் தாத்தா பாட்டிக்கும் இதுவே வசதி. கடவைக்கு இருபுறமும் சில மீட்டர் தூரத்துக்கு எந்த வண்டியும் நிற்க முடியாதபடி குட்டைத் தூண்கள் நட்டுவிட்டால், அந்த இரண்டாம் வகுப்புப் பெண் கார்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நடைபாதைக்கும் அளவு இருக்கிறது. குடியிருப்புப் பகுதியிலும் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓரடி உயரத்துக்குக் கட்டிவிட்டு யாரும் அதில் நடப்பதில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

இதையெல்லாம்விடச் சீக்கிரம் பலன் தருவது பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அந்த ஒரு துண்டுத் தெருவை மூடிவிடுவது. இத்தாலியின் போல்சானோ நகரில் 1989-இலிருந்து இதைச் செய்கிறார்கள். பள்ளி தொடங்குவதையும் முடிவதையும் ஒட்டிக் கால்மணி நேரம் தெருவின் குறுக்கே தடுப்பு வைக்கிறார்கள். லண்டனில் கேம்டன் பகுதியில் ஒரு பள்ளியின் முன் தொடங்கியது, இன்று நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிவிட்டது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு உண்டு.

எங்கள் தெருவில் இதைப் பேசியபோது முதல் எதிர்ப்பு மளிகைக் கடைக்காரரிடமிருந்து வந்தது. "ஏனுங்கம்மா, வண்டி நிக்கலீன்னா யாவாரம் போயிருமுங்களே" என்றார். அவர் கவலை நியாயமானது. சாயங்காலம் நாலிலிருந்து நாலரை வரை கடை வாசலில் நிற்கிற வண்டிகளில் சாமான் வாங்க வந்தவை எத்தனை, பிள்ளையை ஏற்ற வந்தவை எத்தனை என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொன்னேன். சில நாள் கழித்து, "அத்தனையும் ஸ்கூல் வண்டிதானுங்க, நம்ம கஸ்டமருக்கு நிக்க எடமில்லீங்க" என்றார்.

கடினமான உண்மை அதில்தான் இருக்கிறது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்கு இருக்கிற ஆபத்தில் பெரும்பங்கு பிள்ளைகளை அழைக்க வருகிற வண்டிகளால் உண்டாவது. தெருவில் ஆபத்து என்று பயந்து பெற்றோர் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள். பைக் கூடக்கூட, நடந்து வருகிற பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது. அதைப் பார்த்து இன்னொரு பெற்றோரும் பைக்கை எடுக்கிறார். இதற்காகப் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. வாசலிலிருந்து 200 மீட்டர் தள்ளி இறக்கிவிட ஓர் இடமும், அங்கிருந்து நடக்க நல்ல பாதையும் கொடுத்தால் பெரும்பாலானோர் ஒத்துழைப்பார்கள்.

சட்டம் நமக்குத் துணையாகத்தான் இருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். விபத்தில் உடைந்த கை கால்களைச் சேர்த்துச் சேர்த்துக் கண்ட அனுபவம் அவருடையது. அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கும் சாலை வடிவமைப்புக்கும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, வடிவமைப்பு நெறிகளை மீறிக் கட்டியதால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். என் துறையில் இன்று பணியில் இருக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளி வழியையும் சோதிக்க முடியும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். அங்கே 2021 ஜூன் மாதம், சிபா மாகாணத்தின் யாச்சிமாதா நகரில், பள்ளி விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகள்மேல் லாரி மோதியது. இருவர் இறந்தனர். ஓட்டுநர் குடித்திருந்தார். அவரைத் தண்டிப்பதோடு அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தச் சாலையில் நடைபாதையும் தடுப்பும் இல்லை என்பதையும் பார்த்தார்கள். நாடு முழுக்கப் பள்ளிகளும் போலீஸும் சாலைத் துறையும் சேர்ந்து, பிள்ளைகள் நடக்கும் வழிகளைச் சோதித்தன. சரிசெய்ய வேண்டிய இடங்கள் 76,000-க்கும் மேல் பட்டியலாயின. பேருந்துக்கு நாம் செய்கிற சோதனையை அவர்கள் வழிக்குச் செய்தார்கள். குடியிருப்புத் தெருக்களின் வேக வரம்பை 2026 செப்டம்பரிலிருந்து 30 ஆகக் குறைப்பது என்றும் முடிவெடுத்தார்கள்.

பள்ளி வழியைச் சோதிக்க நம்மிடம் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. உங்கள் பிள்ளையோ பேரனோ படிக்கிற பள்ளியின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அதற்கு முன் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலிலிருந்து உங்கள் வீடு வரை பிள்ளையோடு நடந்து, பிள்ளை எந்தெந்த இடத்தில் நடைபாதையைவிட்டுத் தெருவில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றி வார்டு உறுப்பினர், நகராட்சிப் பொறியாளர், போக்குவரத்து ஆய்வாளர் மூவருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துச் சோதனை நடக்கும் அதே வாரத்தில் பள்ளி வழியையும் சோதிக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவும் கொடுங்கள்.