டயரின் கருமையும் அதனுள் அடங்கிய நுண்துகளும்

பால் மரம் தரும் பால் வெண்மையானது. அதிலிருந்து கிடைக்கும் ரப்பர் ஷீட் பழுப்பு நிறமுடையது. அவ்வாறிருக்க, அதே ரப்பரைக் கொண்டு செய்யப்படும் டயர் மட்டும் கன்னங்கரேலென்று இருப்பதேன்? கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் சீவிய குடும்பங்களுக்கும் இதன் காரணம் புதுமையாகவே தோன்றும். அக்கருமை ஒரு நானோப் பொருளின் கருமையாகும்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களால் ஆனவற்றை நானோப் பொருள்கள் என்பர். கனத்த எண்ணெயைப் போதிய காற்றின்றி எரித்துப் பெறப்படும் ‘கார்பன் பிளாக்’ என்னும் கரித்தூள் இவ்வினத்தைச் சேர்ந்தது. டயரின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இதுவே. இது கலவாத டயர் சாலையில் விரைந்து தேய்ந்துவிடும்.

சின்னஞ்சிறு துகளுக்கு இத்தனை ஆற்றல் எவ்வாறு வந்தது? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 100 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டராகும். அஃதாவது, ஒரு வகுப்பறையின் தரையளவு! ரப்பரை இறுகப் பற்றுவது இந்தப் பரப்பே. எரிதலின்போது உண்டாகும் தீய எச்சங்களைச் சுமப்பதும் இதே பரப்புதான்.

பருத்த தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுண்தூசியோ நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லவல்லது. அங்கே குப்பையகற்றும் உயிரணுக்கள் உண்டு, ஆயினும் அளவு மிஞ்சினால் அவை திணறுகின்றன, அழற்சி தோன்றுகிறது. நெடுநாள் இத்தூளைச் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரற்கட்டிகள் உண்டாயின. மனிதரிடையே கிடைத்த சான்று போதாதெனினும், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் இதனை ‘மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்னும் பிரிவில் சேர்த்துள்ளது.

இதனால் டயரைத் தொடவே அஞ்ச வேண்டுமென்பதில்லை. ரப்பரில் பிணைந்த கரி தனித்துப் பறப்பதில்லை. மூட்டையைப் பிரித்துக் கலவை இயந்திரத்தில் தூளைக் கொட்டும் தொழிலாளிக்கே முதல் இடர். ஆகவே, ஆபத்தை அளக்கும்போது பொருளின் பெயரோடு, அது கட்டுண்டிருக்கிறதா, அவிழ்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பழைய டயரைக் காற்றுப் புகாத உலையிலிட்டுச் சூடேற்றினால், எண்ணெயும் வாயுவும் கரியுமாகப் பிரிகிறது. கட்டுண்டிருந்தவை மீண்டும் அவிழ்கின்றன. அவ்வேலை ஒழுங்காக நடைபெறாவிடின் என்னாகும் என்பதை ஜொகூர் மக்கள் 2019 மார்ச்சில் கண்டனர். பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பழைய டயர்களைப் பதப்படுத்தும் தொழிலோடு அக்கழிவு தொடர்புபடுத்தப்பட்டது. அங்கே பிள்ளைகளை வாட்டியது கரித்தூளன்று, நச்சு வாயுக்களே. எனினும், ஒரு பொருளின் தீங்கை அதன் இறுதிக்காலம் வரை கணக்கிட வேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவானது.

இனி, மாற்று வழிகளைக் காண்போம். கரியைத் தூளாக அன்றி மணிமணியாக உருட்டி, மூடிய குழாய் வழியே செலுத்தினால் தூசி குறையும். முகமூடி இதற்கு அடுத்த காப்பேயாகும். டயரில் சேரும் தீய எண்ணெய்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் வரம்பு விதித்துள்ளது. கரியின் பெரும்பகுதிக்கு மாற்றாகச் சிலிக்காவைச் சேர்க்கும் முறையை மிச்செலின் நிறுவனம் 1992இல் சந்தைக்குக் கொணர்ந்தது. அது எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. சிலிக்காவும் நுண்துகளே. ஆயினும் டயருக்குப் பயன்படுவது, கல்லுடைப்போரின் நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்கா அன்று. இயற்கை ரப்பர் சிலிக்காவோடு எளிதில் ஒட்டாது. அக்குறையைத் தீர்க்கவல்ல மாற்றியமைத்த ரப்பரை ‘எக்கோப்ரீனா’ என்னும் பெயரில் மலேசிய ரப்பர் வாரியம் உருவாக்கியிருக்கிறது. தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் ஒட்டி மறுபடி ஓடவிடுவதும் கழிவைக் குறைக்கும்.

புதுப்பொருள் ஒன்று வரும்போது, ‘இது வலிமை தருமா?’ என்று வினவுவதோடு அமையலாகாது. ‘இது எங்கே அவிழும்? அவிழ்ந்தால் யார் மூச்சில் புகும்?’ என்றும் முன்கூட்டியே வினவுவதே அறிவுடைமை.