பழைய பெட்டி, புதுக் குரல் – 4
முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்!

சென்ற வாரம் வால்வு ரேடியோவின் பின்பக்க அட்டையைக் கழற்றி, தூசி தட்டி, எலி கடித்த ஒயர்களை மாற்றி முடித்தோம். இப்போது எல்லோருக்கும் ஒரே அவசரம்தான் இருக்கும். பிளக்கைச் செருகிப் பாடுகிறதா என்று பார்த்துவிடலாமே? வேண்டாம். பரணில் கிடந்தவரை பத்திரமாக இருந்த டிரான்ஸ்ஃபார்மர், கீழே இறக்கிய அன்றே நேராக 230 வோல்ட்டில் மாட்டியதால் கருகிப்போவது உண்டு.

பெட்டி பாடவில்லை என்றால் 'வால்வு போயிடுச்சு' என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. பெரும்பாலும் தவறான தீர்ப்பு அது. வால்வு, காற்று நீக்கி மூடிய கண்ணாடிக் குடுவை. சும்மா கிடப்பதால் அதற்குப் பெரிய சேதம் இல்லை. குடுவைக்குள் உச்சியில் வெள்ளி பூசியதுபோல ஒரு பளபளப்பு தெரியும். அது பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடலாம். பளபளப்பு அப்படியே இருந்து, ஹீட்டர் இழையும் அறுந்திராவிட்டால், வால்வை இப்போதைக்கு நம்பலாம்.

நம்பக் கூடாதது கண்டென்சரை. அந்தக் காலத்துக் கண்டென்சர் என்பது மெல்லிய உலோகத்தகடு, காகிதம் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி மெழுகில் முக்கியது. நம் ஊர் ஈரக்காற்று வருடக் கணக்கில் அதில் ஏறியிருக்கும். விளைவு, தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசிய விடும். அதில் மிக ஆபத்தானது, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர்.

ஒரு கணக்குப் போடுவோம். கண்டென்சரின் ஒரு முனையில் 100 வோல்ட். கசிவு 10 மெகாஓம் அளவுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோஓம். கிரிட்டில் ஏறக்குறைய 4.5 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். நம் பெட்டியின் அவுட்புட் வால்வான ஈஎல் 84 தன் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதே, கிரிட் கேதோடைவிட 7 வோல்ட் போலத் தாழ்ந்திருப்பதால்தான். அந்தப் பிடி தளர்ந்தால் வால்வு அளவுக்கு மீறி இழுக்கும். முதலில் வால்வு, அடுத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கடுத்து மெயின் டிரான்ஸ்ஃபார்மர் என்று வரிசையாகப் போகும். மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்து, 'கண்டென்சர் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்பவர்கள் உண்டு. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். கசிவு தலைகாட்டுவது நூறு வோல்ட்டில்.

சரி, எந்த வரிசையில் வேலை செய்வது?

முதலில் சீரீஸ் லேம்ப். ஒரு பலகையில் ஹோல்டர், அதில் 60 வாட் குண்டு பல்பு, அதன் வழியாக ரேடியோவுக்கு மின்சாரம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 110-இல் நிற்கிறதா என்று பார்த்து, உங்கள் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்றபடி 220 அல்லது 240-க்கு மாற்றுங்கள். ரெக்டிஃபையர் வால்வை, நாம் எடுத்திருக்கும் பெட்டியில் ஈஇசட் 80, கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். அணைத்துவிடுங்கள். ரெக்டிஃபையர் இல்லாதபோது ஹெச்.டி. எனப்படும் 250 வோல்ட் டி.சி. உருவாகாது. மற்ற வால்வுகளின் ஹீட்டர் மட்டும் சூடேறும்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்டென்சர் மாற்றும் வேலை. மெழுகுக் கண்டென்சர்கள் அனைத்தும் போக வேண்டும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் வகை போதும். மைக்கா, செராமிக் இரண்டையும் தொட வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பற்றவையுங்கள். மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் பிறகு தேடினால் விடிந்துவிடும். தொடங்கும் முன்பே செல்போனில் நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அலுமினிய உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் 50 மைக்ரோஃபாரட் என்று இருந்தால், 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் போடுங்கள். 'பெரிசாப் போட்டா இரைச்சல் இருக்காதே' என்று 220 போட்டுவிடாதீர்கள். ஈஇசட் 80-ஐ ஒட்டி வரும் முதல் கண்டென்சர் 50-ஐத் தாண்டக் கூடாது என்பது வால்வைச் செய்தவர்கள் வகுத்த வரம்பு. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். பழைய உருளையை அழகுக்காக அதே இடத்தில் விட்டுவைக்கலாம், ஆனால் அதன் ஒயர்களைத் துண்டித்துவிட வேண்டும். பழையதற்கு மேலேயே புதியதைப் பற்றவைத்தால் கசிவு அப்படியே தொடரும்.

இப்போது ஈஇசட் 80-ஐ மீண்டும் மாட்டி, சீரீஸ் லேம்ப் வழியாகவே சுவிட்ச் போடுங்கள். அரை நிமிடத்தில் பல்பு லேசாகப் பிரகாசம் கூடி நிற்கும். வால்வுகள் மின்சாரம் இழுக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். மீட்டரின் கறுப்பு ஒயரை சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, சிவப்பு முனையை ஈஎல் 84-இன் இரண்டாவது பின்னில், அதாவது கிரிட்டில், வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். சேஸிஸைக் கவிழ்த்துப் பார்க்கும்போது, பின்களுக்கிடையே உள்ள இடைவெளியிலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ண வேண்டும்.

அணைத்த பிறகும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் வைத்துச் சரிபார்த்த பிறகே கை வையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஈ என்ற எழுத்தில் தொடங்கும் வால்வுகள் உள்ள, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஏ.சி. பெட்டிகளுக்கு. உங்கள் பெட்டியில் யுசிஎச் 81, யுஒய் 85 என்று யு வரிசை வால்வுகள் இருந்தால் அது ஏ.சி./டி.சி. ரகம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், வீட்டு மின்சாரம் நேராகச் சேஸிஸுக்கே வரும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸைத் தொட்டவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அந்தப் பெட்டியை மறுபடியும் பரணிலேயே வைத்துவிட்டு, முதல் பாடத்துக்கு ஈ வரிசைப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அடுத்த வாரம் டயல் கயிறு, பேண்ட் சுவிட்ச்.