சுமைக்கேற்ற ஸ்பிரிங்

மோட்டார் சைக்கிளில் வண்டி, ஓட்டுபவர், சுமை மூன்றின் எடையையும் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சர்பருக்குள் இருக்கும் எண்ணெய். கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் ஒரு நடுத்தர எடையைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. அந்த எடையைத் தாண்டி ஓடும் வண்டிக்குத்தான் ஸ்பிரிங் தேர்வு தேவைப்படுகிறது.

உடன்குடி வட்டாரத்தில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குக் குறைவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பனங்கருப்பட்டியின் ஊர் இது. கருப்பட்டி ஓலைப்பெட்டிகளைக் கேரியரில் கட்டினால் எடை பின்சக்கர அச்சுக்கும் பின்னால் போய் விழுகிறது. பின்பக்கம் இறங்கி முன்பக்கம் லேசாகிறது. ஹேண்டில் பிடிமானம் குறைகிறது. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் சாலையை விட்டுப் பனந்தலைக்கு ஏறுகிறது. தேரிச் செம்மணலில் திருப்பும்போது இது ஆபத்து.

ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பது ஏற்றிய எடையைப் பொறுத்தது என்று 1678இல் ராபர்ட் ஹூக் எழுதினார். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு எடை வேண்டுமோ, அதுவே ஸ்பிரிங்கின் விறைப்பு. இதில் கம்பியின் தடிமனுக்கே பெரும் பங்கு. சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல், 7.5 மி.மீ. கம்பிக்குப் பதில் 8 மி.மீ. கம்பி போட்டால் விறைப்பு ஏறக்குறைய 29 சதவீதம் கூடிவிடும். வெறும் அரை மில்லிமீட்டர்தான். ஆகவே கண்ணால் பார்த்து வாங்குவது சரிவராது.

வாங்குமுன் டேப்பை எடுத்து அளக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர்மேலே சீட்டடியில் ஒரு குறி வரை 540 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியை இறக்கி, வழக்கமான சுமையோடு ஓட்டுபவர் உட்கார்ந்தபின் அது 510 ஆனால், அமுங்கியது 30. சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரம் 90 மி.மீ. என்றால் இது மூன்றில் ஒரு பங்கு, சரியான அளவு. 55 அமுங்கினால் பள்ளத்தில் அடி தட்டும்.

பலரும் அப்போது ஷாக்கின் அடியிலுள்ள படியைத் திருகி ஏற்றிவிட்டு, ஸ்பிரிங் கட்டியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது தவறு. படி ஏற்றினால் வண்டி உயரும்; விறைப்பு அப்படியேதான் இருக்கும். படியேற்றி 30க்குக் கொண்டுவந்த பிறகு, ஆளும் சுமையும் இல்லாமல் வண்டியை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறிதும் அமுங்காமல் நின்றால், ஸ்பிரிங் அந்தச் சுமைக்கு மெலிது. ஒரு அளவு கட்டியானது வேண்டும். வெறும் வண்டியே அதிகம் இறங்கினால், ஸ்பிரிங் தேவைக்கு மேல் கட்டி.

சில நாள் மட்டும் சுமை ஏற்றுபவருக்குப் படியேற்றம் போதும். அன்றாடம் ஏற்றுபவர் ஸ்பிரிங்கை மாற்றலாம், இரு பக்கமும் ஒரே நேரத்தில். கட்டியான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பி எழும். பழைய எண்ணெயால் அடக்க முடியாமல் வண்டி குதித்தால் ஷாக்கும் மாற வேண்டியதுதான். முன் ஃபோர்க்கில் எண்ணெயை மட்டும் சற்றுக் கெட்டியாக ஊற்றிச் சரிசெய்யலாம். மணப்பாட்டுப் பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டியில் ஸ்பிரிங்கின் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு குழி விழுந்திருந்தால், அளவு சரியாக இருந்தாலும் அதைக் கழற்றிவிட வேண்டும். கம்பி ஒடிவது அந்தக் குழியில்தான் தொடங்கும்.