உயிரணுக்களை இணைக்கும் புரதங்களின் பூர்வீகம்

கொங்கு நாட்டுச் சிற்றூர்ச் சாலைகளில் செல்வோர், ஆலமரக் கிளைகளில் வைக்கோல் சுற்றிய மூட்டைகளும் சாக்குப் பைகளும் தொங்குவதைக் கண்டிருப்பர். பசு கன்று ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியைப் பால் வடியும் மரத்தில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்ற நம்பிக்கையில் உழவர்கள் கட்டி வைப்பவை அவை. பயன் முடிந்து கழிந்த உறுப்பு என்றே நாம் அதனைக் கருதி வந்துள்ளோம். அரபு மொழியில் 'மஷீமா' எனப்படும் இவ்வுறுப்பு, கடந்த கால் நூற்றாண்டில் உயிரியல் அறிஞர்களின் தனிக் கவனத்தைப் பெற்றிருக்கின்றது. உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் புரதங்கள் எங்கிருந்து வந்தன என்னும் வினாவுக்கு எதிர்பாராத விடையொன்று அதில் கிடைத்ததே காரணமாகும். அவ்விடையையும், அதனை அரைகுறையாக அறிந்ததால் விளைந்த தீங்கையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

இணைதல் எளிதன்று

ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பினாலான ஈரடுக்குச் சவ்வு சூழ்ந்துள்ளது. இரு சவ்வுகளுக்கு இடையில் நீர்ப்படலம் ஒன்று நின்று, அவை நெருங்கவொட்டாமல் தடுக்கின்றது. இத்தடை இல்லையெனில் உடலின் உயிரணுக்கள் யாவும் ஒன்றாய்க் கலந்து குழம்பிவிடும். ஆயினும் சில இடங்களில் இணைதல் நிகழ்ந்தே ஆக வேண்டும். விந்தணு சினைமுட்டையோடு இணைந்தால்தான் கரு உருவாகும். பல உயிரணுக்கள் இணைந்தே தசைநார் உண்டாகின்றது. நஞ்சுக்கொடியும் இவ்வாறே.

இவ்விடங்களில் தடையை நீக்குபவை இணைப்புப் புரதங்கள். அவற்றுள் நன்கு ஆராயப்பட்டவை, ஒரு முனையைத் தன் சவ்வில் ஊன்றி, மறுமுனையை எதிர்ச் சவ்வினுள் செருகி, பின்னர் மடக்குக்கத்தியைப் போல இரண்டாக மடிகின்றன. மடியும்போது இரு சவ்வுகளும் நெருக்கி இழுக்கப்பட்டு ஒன்றாகின்றன. உயிரணுவினுள் நுழையப் பல வைரசுகள் கையாளும் வழியும் இதுவே.

நஞ்சுக்கொடியில் ஒரு வைரஸ் மரபணு

மனித நஞ்சுக்கொடியின் வெளிப்படலம், எண்ணற்ற உயிரணுக்கள் இணைந்து உருவான ஒரே விரிப்பாகும். நிறைமாதத்தில் இதன் பரப்பு 10 சதுர மீட்டருக்கும் மிகுதி. தாயின் குருதி இவ்விரிப்பின்மீது நேராகப் படிகின்றது. உணவும் உயிர்வளியும் நோயெதிர்ப்புப் பொருள்களும் இதன் வழியாகவே சேயை அடைகின்றன. இவ்விரிப்பை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிக்கும் புரதத்துக்குச் சின்சிட்டின் என்று பெயர். 2000ஆம் ஆண்டு அறிஞர்கள் இதனை இனங்கண்டபோது, இதற்குரிய மரபணு ஒரு பழைய வைரசின் உறைப்புரத மரபணுவே எனத் தெரியவந்தது.

ரெட்ரோ வைரஸ் எனப்படும் வகையினம் தன் மரபுச் செய்தியைத் தான் தொற்றிய உயிரணுவின் குரோமோசோமிலேயே எழுதிவிடும். அவ்வுயிரணு விந்தாகவோ சினைமுட்டையாகவோ அமைந்துவிட்டால், அந்த எழுத்து வழிவழியாகத் தொடரும். மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு இத்தகைய பழைய எழுத்துகளே. அவற்றுள் பெரும்பாலானவை சிதைந்து பயனற்றுப் போயின.

சின்சிட்டின் வைரசிலிருந்து வந்தது என்பதை எவ்வாறு உறுதி செய்தனர்? கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் கையாளும் முறையே இங்கும் உதவியது. இரு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவை என முடிவு செய்வர். சின்சிட்டின் மரபணுவின் அருகிலேயே வைரசின் ஏனைய மரபணுக்கள் உடைந்த நிலையில் கிடக்கின்றன. உறைப்புரதப் பகுதி மட்டும் பழுதின்றிக் காக்கப்பட்டிருக்கின்றது. சிம்பன்சி, கொரில்லா ஆகியவற்றிலும் அதே இடத்தில் அதே எழுத்து உள்ளது. ஆகவே இந்த வைரஸ் 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு பொது மூதாதையினுள் புகுந்தது என அறிஞர்கள் கணிக்கின்றனர்.

காங்கேயம் பசுவும் மேச்சேரி ஆடும்

பிற விலங்குகளை ஆராய்ந்தபோது வியப்பு மேலும் கூடியது. எலி, முயல், நாய், பூனை ஆகியவற்றின் நஞ்சுக்கொடியிலும் இத்தகைய புரதங்கள் உள்ளன. ஆனால் அவை மனிதனுடையதினின்றும் வேறான வைரசுகளிலிருந்து, வேறு காலங்களில் வந்தவை. எலியில் இத்தகைய மரபணு ஒன்றை நீக்கிப் பார்த்தபோது கருக்கள் பிறவாமலே மடிந்தன என்பது 2009இல் வெளியான ஆய்வு.

அசைபோடும் விலங்குகளுக்குரிய சின்சிட்டின் 2013இல் கண்டறியப்பட்டது. பசுவிலும் செம்மறியாட்டிலும் அது ஒரே இடத்தில் அமைந்துள்ளது. 3 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. இம்மரபணு அவ்வினங்களுக்குப் பொதுவானதாகையால், காங்கேயம் காளையும் மேச்சேரி ஆடும் இதற்கு விலக்கல்ல. பசுவின் கருப்பையில் இணைப்பு சிறிய அளவிலேயே நிகழ்கின்றது. கன்றின் பக்கமிருந்து வரும் சில உயிரணுக்கள் தாயின் உயிரணுக்களோடு இணைந்து, கருவைக் காக்கும் ஹார்மோன்களைத் தாயிடம் சேர்க்கின்றன. ஆயினும் தாய்க்குருதி நேராகப் படியும் விரிப்பு அங்கே இல்லாமையால் நோயெதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குக் கருவில் செல்வதில்லை. பிறந்த உடனே கன்றுக்குச் சீம்பால் ஊட்டியாக வேண்டும் என்று நம் உழவர்கள் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே. பன்றியிலும் குதிரையிலும் இவ்வகை இணைப்பே காணப்படவில்லை.

கடன் கொடுத்தவர் யார்?

பாலூட்டிகள் வைரசிடமிருந்து பெற்றன என்பது தெளிவு. கருத்தரிப்பிலோ இவ்வினா இன்னும் ஆழமானது. மலர்த் தாவரங்களில் விந்தணுவைச் சினையோடு இணைக்கும் ஹேப்-2 என்னும் புரதம் 2006இல் அறியப்பட்டது. மலேரியாக் கிருமியும் கொசுவின் வயிற்றில் கருவுறுவதற்கு இதே புரதத்தை நம்பியிருக்கின்றது. 2017இல் இதன் வடிவம் தெளிவானபோது, டெங்கு, சிக்குன்குனியா வைரசுகளின் இணைப்புப் புரதத்தோடு இது ஒரே அமைப்புடையது எனக் கண்டனர். பருத்திப் பூவில் வித்துக்கு வழிவகுப்பதும், நம் ஊர்களில் காய்ச்சலைப் பரப்புவதும் ஒரு குடும்பப் புரதங்களே.

அவ்வாறாயின் உயிர்கள் இதனை வைரசிடமிருந்து பெற்றனவா, வைரஸ் உயிர்களிடமிருந்து கவர்ந்ததா? 2022இல் ஆர்க்கியா எனப்படும் தொன்மையான நுண்ணுயிர்களிலும் இக்குடும்பப் புரதம் கண்டறியப்பட்டது. அது விலங்கு உயிரணுக்களை இணைக்கவல்லது என்பதும் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. இதனால் இதன் பூர்வீகம் நாம் எண்ணியதினும் பழமையானது எனத் தெரிகின்றது. முதலில் பெற்றவர் யார் என்பதில் அறிஞரிடையே இன்னும் முடிவு ஏற்படவில்லை.

அரைகுறை அறிவின் கேடு

இச்செய்தியை முழுமையாக அறிவதன் தேவையைக் கொரோனாக் காலம் உணர்த்திற்று. தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள் சின்சிட்டினைத் தாக்கும், பெண்கள் மலடாவர் என்னும் வதந்தி 2020 இறுதியில் ஐரோப்பாவில் கிளம்பி உலகெங்கும் பரவிற்று. 2021 மே இறுதியில் தினசரித் தொற்றில் சென்னையையே கோவை விஞ்சியது. அத்தகைய நாள்களில் கருவுற்ற பெண்களை ஊசியினின்றும் விலக்கி வைப்பது எத்துணை ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வதந்தியில் ஓர் இழை உண்மை இருந்தது. கொரோனாவின் ஸ்பைக் புரதமும் சின்சிட்டினும் மடியும் முறையால் ஒரே வகையைச் சார்ந்தவை. ஆனால் எதிர்ப்பொருள் அடையாளம் காண்பது புரதத்தின் வகையையன்று, அதன் மேற்பரப்பின் நுணுக்கங்களை. ஒரே யாப்பில் அமைந்த இரு கவிதைகளில் சொற்கள் முற்றிலும் வேறாக இருப்பதைப் போன்றது இது. ஸ்பைக் 1273 அமினோ அமிலங்களால் ஆனது. சின்சிட்டின் 538ஆல் ஆனது. இரண்டிலும் தொடர்ச்சியாக ஒத்துவரும் பகுதி மிக மிகச் சிறிது. வதந்தி மெய்யாயின், ஊசியே போடாமல் நோயுற்ற பெண்களுக்கும் அதே எதிர்ப்பொருளால் அதே கேடு நேர்ந்திருக்க வேண்டும், நேரவில்லை. ஊசி பெற்ற பெண்கள் வழக்கம்போல் கருவுற்றனர். 2021 ஜூலை 2 அன்று இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போட ஒப்புதல் அளித்தது.

மறுபுறம் இவ்வறிவு மருத்துவத்துக்கு வழிகாட்டுகின்றது. கர்ப்பகால இரத்தக்கொதிப்பு நோயுற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடியில் சின்சிட்டின் குறைந்து காணப்படுவதைப் பல ஆய்வுகள் குறித்துள்ளன. ஹேப்-2ஐத் தடுத்து, மலேரியா கொசுவிலேயே நின்றுவிடச் செய்யும் தடுப்பூசிக்கான முயற்சியும் நடைபெறுகின்றது.

பரிணாமம் என்ற சொல் எழுந்த மாத்திரத்தில் நம் அவைகளில் விவாதம் சூடேறுவதுண்டு. எந்நிலை கொண்டோராயினும் முதலில் சான்றுகளை அவை கிடக்கும் நிலையிலேயே அறிந்துகொள்வது நலம். அரபியில் கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லும் அருளைக் குறிக்கும் 'ரஹ்மத்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நோய் தந்த வைரசின் கருவி அக்கருப்பையில் சேயைக் காக்கும் பணியில் அமர்ந்திருப்பது, படைப்பின் நுட்பத்தைச் சிந்திப்போருக்கு மேலும் சிந்திக்கவே இடந்தரும். நம் கல்லூரிகளின் மாணவர்கள் இதனைக் கற்றுத் தம் ஊர்ப் பெண்களுக்கு எடுத்துரைப்பாராயின், அடுத்த வதந்தி வரும்போது அஞ்சுவோர் தொகை குறையும்.